இருபது பக்கக் குறிப்பு

1970-ல் அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது. சிகாகோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கௌரவமான உத்தியோகம். தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். வீடு பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், லேக் ஜெனீவா என்கிற ஏரிக்கரை ஊரில். மனைவி, ஐந்து குழந்தைகள். ஹைஸ்கூல் படிப்பை பாதியில் விட்டவருக்கு வேறு வேலை யார் தருவார்கள்? வீட்டின் நிலவறையிலேயே கடை போட்டு ஷூ ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். மிச்ச நேரமெல்லாம் டைப்ரைட்டர் முன்னால். என்ன எழுதினார்? விளையாட்டு விதிகள்!

பெயர் கேரி கைகாக்ஸ்.

மனிதருக்கு யுத்த விளையாட்டு என்றால் உயிர். ஈய சோல்ஜர்களை மேஜையில் அணிவகுத்து, பகடை உருட்டி, நெப்போலியனை ஜெயிக்க வைக்கிற பெரியவர்களின் விளையாட்டு. 1968-ல் ஊரில் இருந்த ஹார்ட்டிகல்சுரல் ஹாலை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, இந்தப் பைத்தியம் பிடித்தவர்களையெல்லாம் ஒருநாள் கூட்டினார். அதுதான் இன்றைக்கும் வருஷா வருஷம் நடக்கிற 'ஜென் கான்' திருவிழாவின் ஆரம்பம். பிறகு கைடன் கேம்ஸ் என்ற சின்ன கம்பெனிக்கு எடிட்டராக இருந்து, மற்றவர்கள் எழுதிய விதிகளைத் திருத்தினார். 1971-ல் ஜெஃப் பெர்ரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்று ஒரு விதிப் புத்தகம் போட்டார். மத்தியகாலப் போர்தான் விஷயம். ஆனால், கடைசியில் ஒரு பின்னிணைப்பு. அதில் டிராகன், மந்திரவாதி, பூதம் எல்லாம் உண்டு.

அந்தப் பின்னிணைப்பு பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்கிற கல்லூரி மாணவர் கையில் சிக்கியது.

ஆர்னசன் என்ன செய்தார் என்றால், படையைத் தூக்கி எறிந்துவிட்டார். ஒரு ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு ஆள். நீ வீரன், நீ மந்திரவாதி. இது பாழடைந்த கோட்டை, கீழே சுரங்கம். 'கதவைத் திறக்கிறாயா, காதை வைத்துக் கேட்கிறாயா?' என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பரமபதத்தில் 100-ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்படி முடிவே கிடையாது. பிழைத்து வந்தால் அனுபவம் கூடும், அடுத்த வாரம் அதே ஆள் இன்னும் பலசாலியாக வருவான். செத்தால் போச்சு!

1972 கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து, கைகாக்ஸ் வீட்டில் இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் ஆடிப்போய்விட்டார். தான் எழுதிய விதியே வேஷம் மாறித் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. 'விதியெல்லாம் எழுதி அனுப்பு' என்றார். வந்தது சுமார் இருபது பக்கக் குறிப்பு. ஆர்னசன் தலைக்குள் வைத்து ஆடுகிறவர். எழுத உட்கார்ந்தால் கை வராது.

அந்த இருபதை கைகாக்ஸ் முதலில் ஐம்பதாக்கினார். அப்புறம் நூற்றைம்பது. எத்தனை அடி விழுந்தால் சாவு, எந்த மந்திரம் எத்தனை தூரம் பாயும், புதையலில் என்ன இருக்கும்... எல்லாம் அட்டவணை. சும்மா சொல்லக் கூடாது, ஆர்னசன் இல்லாவிட்டால் கைகாக்ஸ் ஈய சோல்ஜர்களோடேயே காலம் தள்ளியிருப்பார். கைகாக்ஸ் இல்லாவிட்டால் ஆர்னசனின் ஆட்டம் நாலு நண்பர்களோடு முடிந்திருக்கும்.

அச்சுப்போடக் காசில்லை. பால்ய நண்பர் டான் கே, தன் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கி 1,000 டாலர் போட, 1973 அக்டோபரில் டிஎஸ்ஆர் கம்பெனி பிறந்தது. அது போதாமல் பிரையன் ப்ளூம் என்பவர் 2,000 டாலரோடு மூன்றாவது பார்ட்னராக உள்ளே வந்தார். 1974 ஜனவரியில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகம், விலை 10 டாலர், ஆயிரம் பிரதி. அட்டையில் இரண்டு பேர்: கைகாக்ஸ், ஆர்னசன். ஒரு வருஷத்துக்குள் அத்தனையும் காலி.

1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பில் இறந்தார். வயது 36. அவர் பங்கை வாங்க கைகாக்ஸிடம் பணம் ஏது? ப்ளூமின் அப்பா வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கம்பெனியில் பெரிய கை ப்ளூம் குடும்பத்தினுடையது. பூதங்களுக்கெல்லாம் கணக்குப் போட்ட மனிதர், இந்தக் கணக்கின் வினையை அப்போது உணரவில்லை.

அடுத்து வந்தது ஆர்னசன் விவகாரம். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர், 1976 முடிவதற்குள் விலகிவிட்டார். 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு மூன்று கனத்த புத்தகங்கள் போட்டார். முன்னட்டையில் ஒரே பெயர். இது வேறு ஆட்டம், எனவே ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாது என்றது கம்பெனி. ஆர்னசன் 1979-ல் கோர்ட்டுக்குப் போனார். 1981-ல் சமரசம் ஆகி, அவருக்கு அந்தப் புத்தகங்களில் இரண்டரை சதவிகிதம் கிடைத்தது. கைகாக்ஸ் எழுதிக் குவித்தது உண்மை. ஆனாலும், சுரங்கத்துக்குள் நம்மை இறக்கிவிட்ட ஆளை வாசலிலேயே நிறுத்தியது நியாயமாகப் படவில்லை.

அதே 1979-ல் மிஷிகனில் ஒரு மாணவர் காணாமல் போனார். ஆட்டப் பைத்தியத்தில் பல்கலைக்கழகச் சுரங்கத்தில் தொலைந்துவிட்டார் என்று பத்திரிகைகள் அலறின. ஒரு மாதத்தில் அவர் உயிரோடு கிடைத்தார், ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. ஆனால், சாத்தான் விளையாட்டு என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. விற்பனை? பிய்த்துக்கொண்டு போனது!

பணம் வந்ததும் கம்பெனிக்குத் தலைகால் புரியவில்லை. எம்பிராய்டரி கம்பெனி ஒன்றைக்கூட வாங்கிப்போட்டார்கள். கைகாக்ஸ் 1983-ல் ஹாலிவுட்டுக்குப் போய் டிவி கார்ட்டூன் தயாரிப்பில் இருந்தார். திரும்பி வந்தால் கம்பெனி தலைக்கு மேல் கடனில்! 1985-ல் தன் உரிமைப்படி கூடுதல் பங்குகளை வாங்கித் தலைமையைக் கைப்பற்றினார். நிர்வாகத்தைச் சீர்செய்ய லொரெய்ன் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை அவரே அழைத்து வந்தார். அக்டோபரில் ப்ளூம் சகோதரர்கள் சத்தமில்லாமல் தங்கள் பங்குகளை அந்த அம்மாவிடம் விற்றுவிட்டார்கள். போர்டு கூடியது. தலைமைப் பதவி போயே போச்சு. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். 1986-ல் முழுசாக வெளியேறினார்.

ஆர்னசன் நின்ற அதே இடத்தில் இப்போது கைகாக்ஸ். 1992-ல் புது ஆட்டம் ஒன்றுக்கு 'டேஞ்சரஸ் டைமென்ஷன்ஸ்' என்று பெயர் வைத்தார். அதிலும் இரண்டு 'டி' வருகிறதே என்று பழைய கம்பெனி முறைத்தது. 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்று மாற்றியும் விடவில்லை. கேஸ் போட்டது. கடைசியில் அந்த ஆட்டத்தையே விலைக்கு வாங்கி, பெட்டியில் போட்டுப் பூட்டியது.

டிஎஸ்ஆரும் நிலைக்கவில்லை. மறுபடி கடனில் மூழ்கி, 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியிடம் விலைபோனது. கைகாக்ஸ் லேக் ஜெனீவா வீட்டிலேயே கடைசிவரை வருகிறவர்களுக்கு ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். 2008 மார்ச் 4-ல் காலமானார். ஃப்ளோரிடாவில் மாணவர்களுக்கு கேம் டிசைன் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஆர்னசன், 2009 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார்.

2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. உள்ளே, மூல ஆட்டத்தை உருவாக்கியவர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள்: கைகாக்ஸ், ஆர்னசன். உடன் உதவியவர்கள் வரிசையில் பிரையன் ப்ளூம் பெயர் முதலில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்த டான் கே பெயர் கடைசியில்.