கல்மரம் முதல் மரபணு வரை

வானூர் வட்டத்துத் திருவக்கரை, வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் செம்மண் மேட்டில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் கொணர்ந்து மணலில் புதைத்த அடிமரங்கள் அவை. சிலிக்கா கலந்த நீர் அவற்றினுள் ஊறி, மரப்பொருள் அழிந்த இடத்தைச் சிறிது சிறிதாகக் கல்லால் நிரப்பியது. வடிவம் மரம், பொருள் கல். 1781-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் சொன்னரா இவற்றைக் கண்டு குறித்தார். இன்று அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காக்கப்படுகிறது.

உயிர் நூலின் முதற்பாடம் இவ்வாறு வானூர் மாணவனின் காலடியிலேயே கிடக்கிறது. எனினும், அந்நூலை முறையாகக் கற்பிக்கும் வாயில்கள் அவனுக்கு நெடுங்காலம் எட்டாதிருந்தன. அவ்வாயில்கள் எப்போது திறந்தன, எம்மொழியில் திறந்தன என்பவை தனித்தனியே ஆராய வேண்டிய இரு வினாக்கள்.

தொல்காப்பியர் இட்ட பெயர்

உயிர்களைக் கூர்ந்து நோக்கி வகைப்படுத்துதல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமைப் பெயர்களையும், ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் அது தொகுத்துரைக்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. மூங்கிலும் பனையும் ஒருபுறமாக, வேம்பும் புளியும் மறுபுறமாக நிற்கும் இப்பிரிவு, ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்றைய தாவரவியல் செய்யும் பிரிவுக்குப் பெரிதும் நெருங்கி வருவது.

1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அறிஞர் யோகான்சன், மரபுவழிப் பண்புகளின் அலகுக்கு 'ஜீன்' என்று பெயரிட்டார். பின்னர்த் தமிழில் அது 'மரபணு' ஆயிற்று. அதனை ஆராயும் துறை 'மரபியல்' ஆயிற்று. சொல்லின் மரபை உரைத்த இயலின் பெயர், உயிரின் மரபை உரைக்கும் அறிவியலின் பெயராக நிலைத்தது. பழஞ்சொல் ஒன்று புதுப்பொருள் தாங்கிய இந்நிகழ்ச்சி, கவிஞர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வாயில்கள் திறந்த வரலாறு

வானூருக்கு அண்மையில் மேலை மருத்துவக் கல்வி தொடங்கிய இடம் புதுச்சேரி. பிரெஞ்சு அரசு 1823-இல் அங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. சென்னையில் 1835-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1850-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது.

பெண்களுக்கு அவ்வாயில் தாமதமாகவே திறந்தது. 1875-இல் மேரி சார்லீப் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். புதுக்கோட்டை முத்துலட்சுமி 1907-இல் சேர்ந்து 1912-இல் மருத்துவராக வெளிவந்தார்; அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரை இன்றும் சொல்லி நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற ஜானகி அம்மாள், கோவைக் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1945-இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார்.

புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபின், பழைய பிரெஞ்சுப் பள்ளி 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964-இல் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அது ஜிப்மர் என்னும் பட்டமேற்படிப்பு நிறுவனமாக மலர்ந்தது. பாடமொழி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாயிற்று, தமிழாகவில்லை.

மானிப்பாய் காட்டிய வழி

உடல்நூலையும் மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பிக்க இயலும் என்று செய்து காட்டிய இடம் ஈழத்து மானிப்பாய். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றுத் தேர்ந்தவர் அரசுப் பணியை நாடி நகரங்களுக்கு அகல்வதையும், ஊர்ப்புறத்து நோயாளி பழைய நிலையிலேயே கிடப்பதையும் கண்டார். தமிழில் கற்றவர் தமிழூரில் தங்குவர் என்று தெளிந்து, பாடமொழியை மாற்றினார். அவரிடம் பயின்றவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

பாடநூல் இன்றிப் பாடமொழி இல்லை. 1852-இல் கட்டர் எழுதிய உடல்நூல் தமிழில் வந்தது. 1867-இல் அறுவை மருத்துவ நூலான 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1872-இல் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் அச்சேறியது. வேதியியலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்றும், உடலியங்கியலைச் சுகரணம் என்றும் வழங்கினார். தமிழ்ச்சொல் உண்டேல் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய மாற்றியும் கொண்ட அவர் முறையை இத்தலைப்புகளே புலப்படுத்தும். இச்சொற்களுள் பெரும்பாலானவை இன்று வழக்கிழந்தன. ஆயினும் அவற்றைக் கொண்டு மாணவர் பயின்றனர், நோயாளிகள் பிழைத்தனர். சொல்லின் வெற்றியை அதன் ஆயுளால் மட்டும் அளத்தல் தகாது.

கிழக்கே சப்பானிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1774-இல் சுகிதா கெம்பாக்கு முதலியோர் டச்சு மொழி உடற்கூற்று நூல் ஒன்றைப் பெயர்த்தனர். நரம்பைக் குறிக்க அவர்கள் ஆக்கிய சொல் இன்றும் சப்பானியர் நாவில் வழங்குகிறது. அங்கு அம்முயற்சி தலைமுறைதோறும் தொடர்ந்தது. மானிப்பாயிலோ, 1884-இல் கிறீன் மறைந்தபின் அதனைத் தாங்க ஒரு பல்கலைக்கழகம் இல்லை. தனிமனிதர் தொடங்கும் பணியைப் பொது நிறுவனமே நிலைநிறுத்த வேண்டும் என்பது இவ்விரண்டையும் ஒப்பிடுவார்க்குப் புலனாகும்.

தமிழகத்தில் நிகழ்ந்தது

தமிழகத்தில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த, பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் அறிவியல் தமிழுக்கு அடித்தளம் இட்டது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றுமொழியாயிற்று. 1968-இல் சட்டமன்றத் தீர்மானம், கல்லூரிகளில் ஐந்தாண்டுகளுக்குள் தமிழைப் பயிற்றுமொழியாக்க வேண்டும் என்றது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் எழுந்த காலமும் அதுவே.

மருத்துவப் பட்டப்படிப்போ ஆங்கிலத்திலேயே நின்றது. ஈழத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. அங்குப் பள்ளி உயர்தர வகுப்பு வரை உயிரியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. 1978-இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலோ ஆங்கிலமே பாடமொழி. மேலும், நாம் 'திசு' என்பதை ஈழத்தவர் 'இழையம்' என்பர். நாம் 'செல்' என்பதை அவர்கள் 'கலம்' என்பர். நம் 'நொதி' அங்கு 'நொதியம்'. ஒரே மொழியில் இரு கலைச்சொல் மரபுகள் இருப்பதைக் குறை என்று கொள்வாரும் உளர். இருகரைச் செல்வம் என்று கொள்வதே சிறப்பு.

அண்மையும் தொலைவும்

1985-இல் புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் வளாகம் வானூரை அடுத்த காலாப்பட்டில் அமைந்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 2020-இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. முந்திரித் தோப்பிலும் கல்லுடைக்கும் குவாரியிலும் உழைப்போரின் மக்கள், வெள்ளை மேலாடை அணியும் வழி ஒன்று பிறந்தது.

கல்லூரி அண்மையில் வந்துவிட்டது. பாடமொழி அண்மையில் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இதயம், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று தமிழில் பயின்றவர், முதலாண்டு வகுப்பில் அவ்வுறுப்புகளையே அறியாப் பெயர்களால் எதிர்கொள்கிறார். அறிவில் குறைவில்லாதவர், சொல்லில் தடுமாறுகிறார். நான்காண்டு கழித்து நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது, கற்ற பெயர்களைத் தமிழுக்கு மீட்க மறுபடியும் தடுமாறுகிறார். 'நெஞ்சு அடைக்கிறது', 'அடிவயிறு சுண்டி இழுக்கிறது' என்று ஊரார் சொல்வதற்கு ஈடான ஆங்கிலம் பாடநூலில் உண்டு. ஆனால் இரண்டையும் இணைக்கும் பாலம் இல்லை.

ஆங்கிலம் வேண்டா என்பது இங்குக் கருத்தன்று. உலகின் ஆய்விதழ்கள் பெரும்பாலும் அம்மொழியில் வருகின்றன. அதனை விடுத்தல் நம் மாணவர்க்கே இழப்பு. இரு கரையிலும் காலூன்றிச் செல்லத்தக்க பாடநூலும் அகராதியும் வேண்டும் என்பதே கருத்து. அப்பணியில் மருத்துவரோடு புலவரும் அமர வேண்டும். மருத்துவர் பொருள் அறிவார்; அச்சொல் மக்கள் நாவில் நிற்குமா என்பதைப் புலவர் அறிவார். 'மரபணு' நின்றது, அதில் தமிழின் ஓசையும் பொருளும் ஒருங்கே இருந்தமையால்.

திருவக்கரைக் கல்மரம் உணர்த்துவதும் இதற்கு அயலானதன்று. அங்கு வடிவம் நிலைத்தது, உயிர் நீங்கியது. மொழிக்கும் அவ்வாறு நேர இடமுண்டு. விழாவும் வாழ்த்தும் வடிவத்தைக் காக்கும்; புதிய அறிவைத் தாங்கும் சொல்லே உயிரைக் காக்கும். வானூரிலிருந்து முண்டியம்பாக்கத்துக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, தான் கற்ற உடல்நூலைத் தன் தாய்க்குத் தடையின்றிச் சொல்லும் நாளில், மானிப்பாயில் தொடங்கிய பணி நிறைவெய்தியது எனலாம்.