வரைகலை அட்டைக் கடிகார வேகம்: தன்னார்வப் பகிர்வுக் கணிமையில்

வீட்டுக் கணினிகளைக் கொண்டு புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் 2000-இல் தொடங்கியது; 2006 முதல் வரைகலை அட்டைகளும் அதில் உழைக்கின்றன. ஓவர்கிளாக் செய்த, அதாவது குறித்த அளவைவிடக் கடிகார வேகம் கூட்டிய அட்டை விளையாட்டுகளில் குறையின்றி ஓடலாம். அங்கே ஒரு புள்ளியின் நிறம் பிறழ்ந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு பிட் மாறினாலே அணுக்களின் இருப்பிடம் பிசகி, திட்டம் அந்தக் கணினிக்குப் பிரித்துத் தந்த வேலைத் துண்டு பாதியில் முறியக்கூடும். முறிவதாவது நல்லது, முறியாமல் பிழையோடு போய்ச் சேரும் விடைதான் ஆய்வைக் கெடுக்கும். இத்திட்டத்தில் இணைந்த அட்டைகளைச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வு, மூன்றில் இரண்டு பங்கு அட்டைகளில் நினைவகப் பிழைகளைக் கண்டது.

துண்டுகள் அடிக்கடி தோற்றால் நினைவக வேகத்தையும் மையக் கடிகாரத்தையும் இறக்க வேண்டும். ஆலையிலேயே வேகம் கூட்டி விற்ற அட்டையானால், சில்லு தயாரிப்பாளர் குறித்த மூல அளவுக்கே இறக்குவது நலம். வேகம் தானாகச் சரிந்தால் வெப்பத்தையும் மின்வழங்கியையும் பார்க்கலாம். டிரைவர் செயலிழந்து மீண்டபின் தாழ்ந்த வேகத்திலேயே நின்றுவிட்ட அட்டையை மறுதொடக்கம் பெரும்பாலும் மீட்கும்.