சோழநாட்டுப் புயலும் சிங்கப்பூர் விளக்கும்

புயல் வந்து போனபின் விதியை நொந்துகொள்வது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். காற்று இயற்கையின் செயல், அதில் ஐயமில்லை. ஆனால் காற்று அடங்கியபின் ஒரு கிராமம் எத்தனை நாள் இருளில் கிடக்கிறது என்பது யாருடைய செயல்? 2018-ஆம் ஆண்டு இவ்வினாவை நம் கண்முன் நிறுத்திற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, பின்னிரவு ஒரு மணிக்குச் சற்றுப் பின், சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் மின்சாரம் நின்றது. வீடுகளும் வாணிப நிலையங்களுமாகச் சுமார் 1,47,000 இடங்கள் இருளில் ஆழ்ந்தன. 38 நிமிடங்களில் விளக்குகள் யாவும் மீண்டும் எரிந்தன. அவ்வளவு சிறு நேரத்துக்கும் காரணம் கேட்டு விசாரணை நடந்தது.

இரண்டு திங்கள் முற்றும் கழியுமுன், நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன்னர், ‘கஜா’ என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்கள் நிலைகுலைந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் பழுதுற்றன. பட்டணங்களில் சில நாட்களில் விளக்கெரிந்தது. உட்கிராமங்களோ வாரக்கணக்கில் காத்திருந்தன.

இச்செய்தி நமக்கு அயலார் செய்தியன்று. ஞாயிறு மாலைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கூடும் தொழிலாளரில் பலர் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்தவர். கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தமையால், மாதந்தோறும் பணம் அனுப்பிய மகனுக்குத் தாய் உயிரோடிருக்கிறாள் என்ற ஒரு சொல் எட்டுவதே அரிதாயிற்று. அவர்களுக்கு முந்திய தலைமுறையோ நாகைத் துறைமுகத்திலேயே கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1973 வரை அவ்வழியில் ஓடிற்று என்பது முதியோர் பலருக்கு நினைவிருக்கும்.

அதே கரையில் 1952 நவம்பர் 30-ஆம் தேதி ஒரு பெரும்புயல் அடித்தது. அக்காலத்தில் அந்நாட்டுக் கிராமங்களில் மிகப் பலவற்றுக்கு மின்சாரமே எட்டவில்லை. புயல் கூரையைக் கொண்டுபோயிற்று, மரத்தைச் சாய்த்தது, உயிர்களையும் பறித்தது. ஆயினும் அகல்விளக்கையும் மண்ணெண்ணெய் விளக்கையும் மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம். கிணற்றில் நீர் இருந்தது. கயிறும் வாளியும் இருந்தால் போதும். 1977 நவம்பர் 12-ஆம் தேதி வந்த புயலில் மாண்டவர் 500-க்கும் மேல். 2018-லோ புயலுக்கு முன்பே 75,000-க்கு மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்றாலும், பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது விஞ்ஞானத்தின் வெற்றியே. அதை மறைப்பது நேர்மையாகாது.

இடைப்பட்ட காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்துவிட்டது. கிராம வாழ்க்கை முழுவதும் ஒரு கம்பியில் வந்து தொங்கிற்று. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டார் இறைத்தால்தான் மேல்நிலைத் தொட்டியில் நீர். தொட்டி நிறைந்தால்தான் தெருக்குழாயில் நீர். மோட்டார் நின்றது, மழை வெள்ளம் சூழ்ந்த ஊரில் குடிநீர் இல்லை! வாடகைக்கு ஜெனரேட்டர் கொணர்ந்து ஊர்கள் தொட்டியை நிரப்பின. பணம் திரட்ட முடிந்த ஊருக்கு அது எளிது.

கம்பி அறுந்த விதம் வெகு சாதாரணமானது. தென்னந்தோப்பினூடே கம்பி செல்கிறது. மரம் விழுந்து கம்பியை இழுக்க, கம்பி கம்பத்தை இழுக்கிறது. சிங்கப்பூரில் மின்வடங்கள் பூமிக்கு அடியில் செல்கின்றன. நில நடுக்கோட்டை ஒட்டிய இப்பக்கத்தில் அத்தகைய புயல் வருவதும் மிக அரிது; 2001 டிசம்பர் 27-ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறிய ‘வாமெய்’ ஒரு விந்தை. சிறிய, செல்வமுள்ள நகரையும் பரந்த நெல்வயல் நாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று என்பர். ஒப்புக்கொள்வோம். ஆனால் நெடுஞ்சாலைக்கு முதலிலும் உட்கிராமத்துக்கு முடிவிலும் விளக்கு வந்தது செல்வக்குறைவால் மட்டுமா? கம்பியின் கடைசி முனையில் இருப்பது யாருடைய வீடு என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தை அறிந்தவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மின்வாரியத் தொழிலாளரைக் குறை சொல்லுதல் தகாது. பிற ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள், வண்டி செல்லாத சேற்று வயலில் கம்பங்களைத் தோளில் சுமந்தனர். ஊராரும் தோள் கொடுத்தனர். அப்பணியில் உயிர் நீத்தோரும் உண்டு.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னையே ஜீவனம். சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சர்க்கார் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். தோட்டத்தில் கணக்கெழுதும் எவனும் இத்தொகையின் குறையை உடனே காண்பான். ரப்பர்க் கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டு ஆவதுபோல, நெட்டைத் தென்னையும் காய்க்க ஏறக்குறைய அத்தனை ஆண்டு ஆகும். அதுவரை அக்குடும்பம் எதைத் தின்பது என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில்தான் அதற்கு இடம்.

தோப்புகளில் மீண்டும் கன்றுகள் நடப்பட்டன. மின்கம்பங்களும், பெரும்பாலும் முன்போலவே, வயல் வரப்பிலும் தோப்பின் ஊடேயும் நடப்பட்டன.