நைட் கார்டு மில்லிங்

நைட் கார்டு என்பது தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் மேல்வரிசைப் பல்லிலோ கீழ்வரிசைப் பல்லிலோ மாட்டிக்கொள்ளும் கெட்டியான உறை. கடிக்கும் பழக்கத்தை இது நிறுத்துவதில்லை. பல் தேயாமல் காக்கிறது. தாடைமூட்டு வலிக்குத் தரப்படும் ஸ்பிளிண்ட்டும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

ஸ்பிளிண்ட்டின் வரலாறு எலும்பு முறிவில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் நியூயார்க் பல் மருத்துவர் தாமஸ் கன்னிங், உடைந்த தாடையை அசையாமல் நிறுத்த வல்கனைட் ரப்பரில் ஸ்பிளிண்ட் செய்தார். 1865இல் குதிரைவண்டி விபத்தில் தாடை முறிந்த வெளியுறவு அமைச்சர் சீவர்டுக்கும் அதையே பொருத்தினார். பல் கடித்தலுக்கு வல்கனைட் தகடு கொடுத்தவர் வியன்னாவின் கரோலி. 1901இல் இதுபற்றி எழுதினார். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்ததும் வல்கனைட் மெல்ல மறைந்தது. மேல்வரிசை முழுவதையும் மூடும் கெட்டி அக்ரிலிக் உறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃபியோர்டும் ஆஷும் நிலைநிறுத்தினர்; அது மிச்சிகன் ஸ்பிளிண்ட் எனப்படுகிறது.

மெழுகில் வடித்து அக்ரிலிக்கை வேகவைக்கும் கைமுறையில் பொருள் இறுகும்போது சுருங்கும். மில்லிங் என்பது கணினி இயக்கும் எந்திரத்தில் உறையைக் குடைந்தெடுக்கும் முறை. இதில் ஆலையிலேயே இறுகிய அக்ரிலிக் டிஸ்க்கைக் குடைவதால் அந்தச் சுருக்கம் பல் ஆய்வகத்தில் நேர்வதில்லை.

மில்லிங்கின் வேகம் பெரும்பாலும் உறைகளை டிஸ்க்கில் அடுக்குவதில் இருக்கிறது. வழக்கமான டிஸ்க்கின் விட்டம் சுமார் 98 மி.மீ. சிவகாசி, திருத்தங்கல் அச்சகங்களில் ஒரே தாளில் பல லேபிள்களை நெருக்கி அடுக்குவது போல, லாட வடிவ உறைகளை ஒன்றன் வளைவுக்குள் மற்றொன்று நுழையுமாறு திருப்பி வைத்தால் ஒரு டிஸ்க்கில் கூடுதலாக எடுக்கலாம். கடிபரப்பு டிஸ்க்குக்கு இணையாகப் படுத்திருந்தால் குறைந்த தடிமனுள்ள டிஸ்க்கே போதும்.

குடையும்போது முதலில் 2.5 மி.மீ. பர் (சுழலும் வெட்டுகருவி) பெரும்பகுதியை வழித்தெடுக்கும். உட்புறத்துக்கு 1 மி.மீ. பர். உறையை எளிதில் மாட்டிக் கழற்ற உள்ளே சிறு இடைவெளி விடப்படுவதால், நேரம் பிடிக்கும் 0.6 மி.மீ. பர் பெரும்பாலும் தேவைப்படாது. மழுங்கிய பர் சூடேறினால் அக்ரிலிக் இளகித் துகள் பரில் ஒட்டும். எனவே ஒற்றை வெட்டுமுனைப் பரும் நல்ல உறிஞ்சியும் வேண்டும். டிஸ்க்கோடு இணைக்கும் காம்புகளைக் கடிபரப்பில் வைக்காமல் வெளிப்பக்கத்தில் வைத்தால், வெட்டி பியூமிஸ் போட்டு மெருகேற்றும் வேலை சுருங்கும்.

அண்மையில் மில்லிங்குக்குப் போட்டியாக முப்பரிமாண அச்சும் வந்துள்ளது. எனினும் கடுமையாகக் கடிப்பவர்களுக்கு மில்லிங் உறையே பொருத்தமானது.