சித்தம்பூண்டி மண்ணும் நிலா ரோவரும்

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிக் கருத்த சார்னோகைட் பாறைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நிலா ரோவரை ஓட்டிப் பழக அது உதவாது. அதற்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குத்தான் போக வேண்டும்!

அங்கே இருப்பது அனார்த்தசைட் என்ற வெளிர் பாறை. 1956-லேயே ஏ.பி. சுப்ரமணியம் இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். நிலாவில் என்ன பாறை என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1969-ல் அப்பல்லோ 11 அள்ளி வந்த மண்ணில் இதே வகைத் துணுக்குகள் கிடைத்தன.

சந்திரயான்-2க்காக இஸ்ரோ சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துச் சலித்து பெங்களூரில் பரப்பியது. ஏன் இந்தப் பாடு? நிலா மண் நம்ம முல்லைப் பெரியாற்று மணல் மாதிரி கிடையாது. உருட்டி மழுக்கத் தண்ணீரோ காற்றோ அங்கே இல்லை. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி போலக் கூர்மை. சக்கரம் புதைந்தால் தள்ளிவிடவும் ஆளில்லை. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, அதற்காக ரோவரை ஹீலியம் பலூனில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள்.

2019-ல் விக்ரம் மோதி நொறுங்கியது. பழகிய ரோவர் மண்ணைத் தொடவே இல்லை, பாவம். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. பிரக்யான் சுமார் 100 மீட்டர் ஓடி 23 முறை மண்ணை அளந்தது. 2024-ல் முடிவு வெளியானது: அந்த மண் அனார்த்தசைட் வகைக்கே நெருக்கம்.