மின்கொள்முதல்

ஒரு நிறுவனம் பொருளோ சேவையோ வாங்கும்போது, விலைப்புள்ளி கேட்பதில் தொடங்கிப் பணம் போய்ச் சேரும் வரையுள்ள வேலைகளை வாங்குபவரும் சப்ளையரும் பொதுவானதொரு கணினி அமைப்பின் வழியே செய்துகொள்ளும் முறை மின்கொள்முதல். இதன் அடிப்படை கணினிக்கு முந்தியது. கொள்முதல் ஆணை, சரக்கு வந்துசேர்ந்த பதிவு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்குப் பிரிவு பணம் கொடுக்கும். ஆணை வாங்குபவரின் கோப்பிலும், வரவுப் பதிவு கிடங்கிலும், பில் தபாலிலுமாகச் சிதறிக் கிடந்த காலத்தில், அளவிலோ விலையிலோ ஓர் எண் பிசகினாலும் பணம் நின்றுபோகும். அந்த மூன்றையும் இருவரும் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் வைப்பதற்கு நடந்த முயற்சிகளே இந்த மென்பொருள்களின் வரலாறு.

தொடக்கம் கடைத்தெருவில் அல்ல, ராணுவத்தில். 1948-இல் சோவியத் படைகள் பெர்லின் நகருக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தபோது, மேற்கு நாடுகள் உணவையும் நிலக்கரியையும் விமானத்தில் கொண்டுபோய் இறக்கின. வந்திறங்கிய சரக்குகளின் பட்டியல்கள் வெவ்வேறு வடிவங்களில், வெவ்வேறு மொழிகளில் இருந்தன. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ வீரரும் உடனிருந்தவர்களும் டெலக்ஸிலும் தொலைபேசியிலும் அனுப்பக்கூடிய ஒரே மாதிரிப் பட்டியலை வகுத்தார்கள். பின்னர் டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த கில்பர்ட், 1960களில் அங்கும் சரக்குத் தகவலை மின்வழியே அனுப்பும் வடிவம் ஒன்றை உருவாக்கினார். 1968-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையினர் இதற்கென ஒரு குழு அமைத்தனர், 1979-இல் எக்ஸ்12 தரக்குழு பிறந்தது, 1987-இல் ஐ.நா. ஆதரவில் எடிஃபேக்ட் என்ற பன்னாட்டுத் தரம் ஏற்கப்பட்டது.

இவை சேர்ந்ததுதான் ஈ.டி.ஐ. எனப்படும் மின்தரவுப் பரிமாற்றம். எக்ஸ்12-இல் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு: கொள்முதல் ஆணை 850, சரக்கு புறப்பட்ட முன்னறிவிப்பு 856, பில் 810. பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளில் ஆவணத்தின் பெயரைவிட இந்த எண்களே அதிகம் புழங்கின. ஆனால் செய்திகள் தனியார் இணைப்பு வலைகள் வழியே போயின, அவற்றுக்குக் கட்டணம். சிறு சப்ளையர்களுக்கு அது கட்டுபடியாகவில்லை. அவர்களில் பலர் ஆணையை ஃபேக்ஸில் வாங்கித் தங்கள் பேரேட்டில் கையால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாங்குபவரின் பக்கம் மட்டும் கணினியானதை இருவருக்கும் பொதுவான அமைப்பு என்று சொல்ல முடியாது.

விற்பவரே முன்கை எடுத்ததும் உண்டு. 1970களில் அமெரிக்கன் ஹாஸ்பிடல் சப்ளை நிறுவனம், மருத்துவமனைகள் நேரடியாக ஆணை கொடுக்க ஏசாப் என்ற அமைப்பை உருவாக்கியது. மருத்துவமனைக்கு அது வசதி. அதில் இடம்பெறாத போட்டி நிறுவனங்களுக்கோ கதவடைப்பு. வாங்குபவர் தன் கணக்கைச் சப்ளையருக்குத் திறந்துகாட்டிய பெரிய எடுத்துக்காட்டு வால்மார்ட். 1987-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளுடன் நெருங்கிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கிய அந்நிறுவனம், 1991-இல் ரீடெய்ல் லிங்க் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. எந்தக் கடையில் எந்தப் பொருள் எவ்வளவு விற்றது, எவ்வளவு இருப்பு என்பதைச் சப்ளையரே பார்த்து அடுத்த லாரியைத் திட்டமிட முடிந்தது. கறாராகப் பேரம் பேசுவதற்குப் பெயர்போன நிறுவனம் இதைச் செய்தது என்பது கவனிக்க வேண்டியது. இரக்கத்தால் செய்யவில்லை, அலமாரி காலியானால் நட்டம் இருவருக்கும்.

இணையம் பரவியதும் ஆரவாரம் வேறு திசையில் போனது. 1995-இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ஃப்ரீமார்க்கெட்ஸ், எதிர்திசை ஏலத்தை நடத்தியது: சப்ளையர்கள் திரையைப் பார்த்தபடியே விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். வாங்குபவர்களுக்குக் கொண்டாட்டம். வார்ப்புக்கும் அச்சுக்கும் பல ஆண்டு உழைப்பைப் போட்ட பட்டறைக்காரருக்கு, அந்த உழைப்பு ஏறாத ஒற்றை எண்ணாகத் தன் பொருள் சுருங்கியதாகத் தோன்றியதில் வியப்பில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெய்ம்லர்கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து, பின்னர் கோவிசின்ட் எனப் பெயர்பெற்ற பொதுச்சந்தையை அறிவித்தன. கார்த் தொழிலின் கொள்முதல் முழுவதும் அதன் வழியே போகும் என்ற கனவு பலிக்கவில்லை. ஒவ்வொரு கார் நிறுவனத்துக்கும் தன் கொள்முதல் வழிமுறையே போட்டியில் ஆயுதம். சப்ளையர்களோ அதை விலையை நசுக்கும் கருவியாகவே பார்த்தார்கள். 2004-க்குள் கோவிசின்ட் பிரிந்து விற்கப்பட்டுவிட்டது. அதற்கு மென்பொருள் கொடுத்த காமர்ஸ் ஒன் அதே ஆண்டு திவாலானது. ஃப்ரீமார்க்கெட்ஸ் அரிபா என்ற மென்பொருள் நிறுவனத்துடன் இணைந்தது.

1996-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த அரிபா எடுத்துக்கொண்டது கவர்ச்சியற்ற வேலை. காகிதம், மேசை, உதிரிபாகம் என்று ஊழியர்கள் அன்றாடம் கேட்பவற்றுக்குத் திரையிலேயே விண்ணப்பம், மேலாளர் ஒப்புதல், ஆணை. ஊழியர் தன் நிறுவனத்தின் திரையிலிருந்து சப்ளையரின் இணையக் கடைக்குள் நுழைந்து, பொருளைத் தேர்ந்து, கூடையோடு திரும்பிவரும் வசதியும் வந்தது. இதற்கான சி.எக்ஸ்.எம்.எல். வடிவம் 1999-இல் வெளியானது. ஏலக் காய்ச்சல் தணிந்தபின் நிலைத்தது இந்தக் காகித வேலைதான். 2012-இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் அரிபாவை ஏறத்தாழ 430 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு குறை மட்டும் நீடித்தது: அரிபாவின் இணைப்பு வலையில் ஓரளவுக்கு மேல் வணிகம் செய்யும் சப்ளையர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்குபவர் தேர்ந்த மென்பொருளுக்கு விற்பவர் பணம் கொடுப்பது பலருக்கு உறுத்தியது.

இதற்கு மாற்றாக ஐரோப்பாவில் 2008-இல் தொடங்கியது பெப்பால். இங்கே பொதுத்தளமே கிடையாது. வாங்குபவர் ஒரு சேவை நிறுவனத்தோடும் விற்பவர் வேறொன்றோடும் இணைந்திருக்கலாம். பொது விதிகளின்படி அவை ஆவணங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். ஐரோப்பாவுக்கு வெளியே இதன் முதல் தேசிய அதிகார அமைப்பாக 2018-இல் சிங்கப்பூர் சேர்ந்தது.

அரசுகளில் தென்கொரியா முன்னோடி. அதன் தேசிய மின்கொள்முதல் தளம் 2002-இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் நடுவண் அரசுத் துறைகளுக்கு நெடுங்காலம் விலை ஒப்பந்தங்களைப் பேசி வைத்தது வழங்கல் மற்றும் தீர்வு தலைமை இயக்ககம். 2016 ஆகஸ்டில் 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தை வந்தது. மறு ஆண்டு அக்டோபரோடு இயக்ககம் மூடப்பட்டது. ஜெம்மில் சரக்கைப் பெற்றவர் ஏற்புச் சான்றைத் தளத்திலேயே தர வேண்டும். பணத்துக்கான கெடு அந்தச் சான்றிலிருந்து எண்ணப்படுகிறது.

சிறு சப்ளையருக்கு இறுதிக் கேள்வி பணம்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு அதிகபட்சம் 45 நாள் கெடு வைத்தது. ஆயினும் பாக்கி தேங்கியது. ரிசர்வ் வங்கியின் ஒப்புதலோடு 2017-இல் செயல்படத் தொடங்கிய 'ட்ரெட்ஸ்' தளங்களில், சப்ளையரின் பில்லை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும் அதன் தொகையில் சிறு கழிவு பிடித்துக்கொண்டு உடனே பணம் தர வங்கிகள் போட்டியிடும். அங்கேயும் ஏலம்தான், ஆனால் விலை குறைத்துக் கேட்பது சப்ளையர் அல்ல, கடன் கொடுப்பவர். ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்று 2018-இல் ஆணை வந்தது. 2024 நவம்பரில் அந்த வரம்பு 250 கோடியாகக் குறைந்தது. இந்த ஆணைகள் கட்டாயமாக்கியது பதிவை மட்டுமே. ஒரு பில்லைத் தளத்தில் ஏற்பதா, வழக்கம்போலக் கோப்பில் வைப்பதா என்ற முடிவை அவை வாங்குபவரிடமே விட்டன.