84 போல்ட்டும் ஒன்பதாவது பேப்பரும்

விமானப் பராமரிப்பு லைசென்சுக்குப் படிக்கிற தம்பி கேட்டான்: "எஞ்சின் ஓகே. ஹியூமன் ஃபேக்டர்ஸ்னு ஒன்பதாவது மாட்யூல் எதுக்குண்ணே?"

இந்த மாதிரி கதைகளாலதான் மக்களே. 1990 ஜூன் 10, பர்மிங்காமில் கிளம்பிய விமானம். 17,300 அடியில் காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் அவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார்.

முந்தின நாள் விடிகாலை, ஆள் பத்தாமல் ஷிப்ட் மேனேஜரே அந்தக் கண்ணாடியை மாட்டியிருக்கார். ஸ்டோர்காரர் சரியான அளவைச் சொல்லியும், கழட்டின போல்ட்டோடு கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்தார். 90ல் 84 மெலிசு. இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு விதியும் இல்லை. (கோட் ரிவ்யூ ஞாபகம் வருதா?)

அவர் சோம்பேறி இல்லை, வேலை முடியணுமேன்னு நின்னவர். எனக்கு அதான் பயமா இருக்கு.